பேபிக்குப் போட்டது எந்த ஊசி

கண்ணு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் அம்மா நலம். நானும் நலம்தான், சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். ஆனால் பேபி நலமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் அந்த வரியை அடித்துவிட்டு இப்படித் தொடங்குகிறேன். போன் எதற்கு இருக்கிறது என்று நீ கேட்பாய். நீ கோபித்துக்கொண்டு போன நாளிலிருந்து நாம் போனில் பேசுகிற லட்சணம்தான் உனக்கே தெரியுமே. "சாப்ட்டியா?" என்கிறேன். "ம்" என்கிறாய். "வேல கீதா?" என்கிறேன். "கீது நைனா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதற்கு மேல் பேசப் போனால் என் குரல் ஏறிவிடும். ஓடுகிற பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே கத்தியே பழகிய கண்டக்டர் தொண்டை, ரிட்டையர் ஆகியும் இறங்கவில்லை. கடிதத்தில் கத்த முடியாது. அதனால்தான் கடிதம்.

உட்கார்ந்து எழுதவும் முடியவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து கொட்டகைக்குப் போகிறேன், பேபியின் தோளுக்கு முன்னால் கையை வைத்து அழுத்திப் பார்க்கிறேன், தீனித் தொட்டியில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். வந்தால் எழுதிய வரி எங்கே நின்றது என்று தேட வேண்டியிருக்கிறது. "அந்த மாடு நின்னு நிம்மதியா அச போட வுட மாட்டியா? நீ தொட்டுத் தொட்டே அதுக்கு ஜொரம் வந்துடும்" என்று உன் அம்மா சத்தம் போடுகிறாள். அவள் சொல்வது சரிதான். ஓடுகிற வண்டிக்குள் முன்னும் பின்னும் நடந்தே வேலை பார்த்தவனை ஒரு இடத்தில் உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் இந்த அலைச்சல் வேறு. இது காலில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது.

நம் ஊரில் கோமாரி ஊசி போடுகிற நாள் எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம். முதல் நாள் சாயங்காலம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள். மறுநாள் விடிவதற்குள் ஊரில் இருக்கிற கறவை மாடு அத்தனையும் ஏரிக்குள் போய் நிற்கும். கொட்டகைகளில் பால் வற்றிய மாடும் காளைக் கன்றும்தான் மிச்சம். டாக்டர் வந்து "கறவ எங்கப்பா?" என்று கேட்டால், "மேய்ச்சலுக்குப் போயிருக்குதுங்க சார்" என்று ஊரே ஒரே குரலில் சொல்லும். வேறு எந்த விஷயத்திலும் நாம் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. ஊசி போட்டால் கழுத்து வீங்கும், மாடு தீனி எடுக்காது, சில நாட்களுக்குப் பால் குறையும், நோய் வருமோ வராதோ பால் குறைவது நிச்சயம் என்பது கணக்கு. எட்டாவது படித்துக்கொண்டிருந்த நீ, பள்ளிக்கூடச் சீருடையோடு லட்சுமியை ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போனவள்தானே? அந்த வருஷம்தான் நோய் வந்தது. வாயெல்லாம் புண், குளம்பெல்லாம் புண், எச்சில் ஒழுக நின்றாள் லட்சுமி. பிழைத்துக்கொண்டாள், ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் நாக்கைத் தொங்கப் போட்டு இரைப்பாள். மத்தியானம் முழுக்க அந்த மூச்சுச் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். நீ அதைக் கேட்டுக்கொண்டே கணக்குப் போட்டாய். ஏன் இந்தப் படிப்பைத்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றாய் என்று நான் கேட்டதேயில்லை, நீயும் சொன்னதில்லை.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் "மாட்டுக்கு மருந்து கண்டுபுடிக்கறா" என்று சொல்லி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். அதற்கு மேல் கேட்டால் எனக்கும் தெரியாது. போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோதுதான் முழுசாகப் புரிந்தது. நான் பேபியைக் கறந்துகொண்டிருந்தேன், நீ பக்கத்தில் குந்திக்கொண்டு கன்றுக்குட்டியின் காதைச் சொறிந்துகொண்டே சொன்னாய். இப்போது போடுகிற ஊசியில் செத்த கிருமியை முழுசாக எண்ணெயில் கலந்து வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணெய் போட்ட இடத்திலேயே தங்கி உடம்பு மொத்தத்தையும் உசுப்பிவிடுகிறது. வீக்கமும் ஜுரமும் அதனால்தான். நீங்கள் செய்கிற ஊசியில் முழுக் கிருமி இல்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு புரத உருண்டை. அதன்மேல் கிருமியின் வெளித்தோலைப் போன்ற துணுக்குகள், ஒரே சீரான இடைவெளியில். நானோ துகள் என்றாய். அந்த இடைவெளியை எவ்வளவு வைப்பது என்று பார்ப்பதிலேயே ஒரு வருஷம் போனது என்றாய். "நாத்து நடற பொம்பளங்க கயிறு கட்டி ஒரு காலையில பார்த்துடுவாங்களே, இதுக்கா இத்தினி படிப்பு?" என்று நான் கிண்டல் செய்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. கறந்துகொண்டிருந்த என் கையைப் பார்த்தாய்.

"நைனா, நீ ஒத்த வெரலால காம்பத் தொட்டா பேபி பால வுடுமா?" என்று கேட்டாய்.

"எட்டி ஒதைக்கும்" என்றேன்.

"எல்லா வெரலும் சேர்ந்து சீரா புடிச்சாதான வுடுது? அதே மாதிரிதான். உள்ள ஒரு செல்லு கீது, அது மேல நெறைய கைங்க. ஒரே ஒரு துணுக்கு வந்து ஒரு கையத் தொட்டா அது கண்டுக்காது. பத்து கைய ஒரே நேரத்துல புடிச்சாதான் முழிச்சிக்கும்."

பிறகு அளவைப் பற்றிச் சொன்னாய். உருண்டை ரொம்பச் சின்னதாக இருந்தால் ரத்தத்தோடு கலந்து போய்விடும். பெரிதாக இருந்தால் ஊசி குத்திய இடத்திலேயே கிடக்கும், காவல் செல்கள் தேடி வந்து தூக்கிக்கொண்டு போகிற வரைக்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் தானாகவே மிதந்துபோய் நெறி இருக்கிற இடத்துக்குச் சேர்ந்துவிடும். "நெறியா? கால்ல புண்ணு வந்தா தொடையிடுக்குல கட்டுமே, அதுவா?" என்றேன். என் கையைப் பிடித்து பேபியின் தோளுக்கு முன்னால் வைத்து அழுத்தினாய். தோலுக்கு அடியில் ஒன்று வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. இத்தனை வருஷம் மாடு வைத்திருக்கிறேன், அங்கே அப்படி ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தொட்டுப் பார்த்தேன். அங்கேதான் எல்லாச் செல்களும் கூடுகின்றன, காவல் செல் தான் விழுங்கியதை மற்றவர்களுக்குக் காட்டுகிறது, அங்கேதான் உடம்பு நோயை ஞாபகம் வைத்துக்கொள்ளப் பழகுகிறது என்று சொன்னாய்.

ஜுரம் வராமல் எப்படி எழுப்புவீர்கள் என்று கேட்டேன். எழுப்புகிற மருந்தை உருண்டைக்கு உள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறோம், எந்தச் செல் அதை விழுங்குகிறதோ அது மட்டும் விழிக்கும், உடம்பு முழுவதும் கிளம்பாது என்றாய். இது எனக்கு உடனே பிடிபட்டது. தூங்குகிற பயணியை எழுப்புவது என் தொழில் அல்லவா? விசில் ஊதினால் பஸ் முழுக்க விழித்துக்கொள்ளும், கைக்குழந்தை அழும், யாரோ ஒருவர் பதறிப்போய் வேறு ஊரில் இறங்குவார். போய்த் தோளைத் தட்டினால் அவர் மட்டும் எழுந்திருப்பார். ஆனால் மெதுவாகத் தட்டிவிட்டு வந்தால் "ம், ம்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போவார், இறங்கவேண்டிய இடம் தாண்டிவிடும். இதை நான் சொன்னதும் நீ எழுந்து நின்று சிரித்தாய். "அதான் நைனா எங்க பேஜாரே! தட்டறது பத்தலன்னா மறந்துடுது. ஜாஸ்தியானா ஜொரம். எலியில நல்லா வந்திச்சி. கன்னுக்குட்டிங்கள்ல பரவால்ல. கறவையில இன்னா ஆவும்னு இனிமேதான் பார்க்கணும்." இவ்வளவையும் நீ சொன்னாய். நான் கேட்டுக்கொண்டது "நல்லா வந்திச்சி" வரைக்கும்தான்.

உங்கள் ஆட்கள் கறவை மாடுகளில் போட்டுப் பார்க்க ஊர் தேடுகிறார்கள், நம் ஊரையும் எடுத்திருக்கிறார்கள் என்று நீ சொன்ன அன்றே நான் கிளம்பிவிட்டேன். டீக்கடை, பால் சொசைட்டி, ரேஷன் கடை, ஒரு இடம் விடவில்லை. "எம் பொண்ணு செஞ்ச ஊசி. பால் ஒரு சொட்டு கொறையாது. நான் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே போனேன். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். அப்புறம் நீயும் உங்கள் பெரிய டாக்டரும் சொசைட்டி வாசலில் கூட்டம் போட்டு விளக்கினீர்கள். பாதி மாட்டுக்குப் புது ஊசி, பாதி மாட்டுக்கு வழக்கமான ஊசி, பாட்டிலெல்லாம் ஒரே மாதிரி, நம்பர் மட்டும்தான், எந்த மாட்டுக்கு எது என்று போடுகிற டாக்டருக்கும் தெரியாது, செய்த உனக்கும் தெரியாது, முடிவில்தான் பிரித்துப் பார்ப்பார்கள் என்றீர்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுக் கன்னியப்பன் எழுந்தான்.

"அதெல்லாம் சரி பாப்பா. பால் கொறையாதுன்னு உங்க நைனா ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு. நெசந்தானா?"

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு அவனைப் பார்த்து, "தெரியாது மாமா" என்றாய். "கொறையக் கூடாதுன்னுதான் செஞ்சிருக்கோம். ஆனா கொறையாதுன்னு என்னால சொல்ல முடியாது. அதத் தெரிஞ்சிக்கத்தான் வந்திருக்கோம்."

யாரோ சிரித்தார்கள். "கண்டக்டரு டிக்கெட்டக் கிழிச்சிட்டாரு, வண்டிதான் இல்ல" என்றான் ஒருவன். கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போக ஆரம்பித்தார்கள். எனக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. வீட்டுக்கு வந்து நான் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். ஊரில் தலைகாட்ட முடியாமல் செய்துவிட்டாய் என்றேன். "தெரியாதுன்னு சொல்றதுக்கா உன்ன இத்தினி வருசம் படிக்க வெச்சேன்?" என்று கேட்டேன். நீ திருப்பிக் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீ பையில் துணியை வைத்துக்கொண்டே, "நைனா, நீ இன்னும் பின்னாடி வண்டி காலியா வருதுன்னு சொல்லிக்கினே கீற" என்று மெதுவாகச் சொன்னாய். அம்மா தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள். நீ சாப்பிடாமல் போனாய்.

அந்த வார்த்தை எதைச் சொல்கிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. வண்டி பிதுங்குகிற நேரத்தில் படியில் தொங்க வருகிற கூட்டத்தைப் பார்த்து "பின்னாடி வண்டி காலியா வருது, அதுல வாங்க" என்று சொல்லாத கண்டக்டர் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. வருகிறதா என்று யாருக்குத் தெரியும்? சொன்னால் கூட்டம் இறங்கும், வண்டி நகரும். அதில் பொய் இருப்பதாகவே எனக்குத் தோன்றியதில்லை, கொஞ்சம் தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தேன். அப்படி ஒரு காலையில், உன் பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வன்று, நம் ஊர் நிறுத்தத்தில் நீ நின்றிருந்தாய். வண்டியில் கால் வைக்க இடமில்லை. பெற்ற மகள் என்று தெரிந்தும், வாய்ப் பழக்கத்தில் அதுவே வந்தது. "பின்னாடி வண்டி காலியா வருது கண்ணு, அதுல வா." விசில் ஊதிவிட்டேன். பின்னால் வரவேண்டிய வண்டி அன்றைக்கு டிப்போவை விட்டே கிளம்பவில்லை. பழையசீவரத்தில் வண்டி நின்றபோதுதான் டிரைவர் என்னிடம் சொன்னார். இறங்கித் திரும்பி ஓடவும் முடியாது, கையில் பை, வண்டி நிறைய ஜனம். கன்னியப்பன் மட்டும் பால் கேனை இறக்கிவிட்டு உன்னைத் தன் வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடாமல் இருந்திருந்தால் நீ இன்றைக்கு எங்கே இருந்திருப்பாயோ. நீ அதைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானும், பரீட்சை நன்றாக எழுதிவிட்டாளே என்று விட்டுவிட்டேன்.

நீ போன பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பேசியபோதும் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "அவ பொய் சொல்லியிருந்தா உனுக்கு சந்தோசமா இருந்திருக்குமா?" எழுந்து ஏரிக்கரை வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன். எனக்கு ஆத்திரம் உன்மேல் இல்லை என்று அப்போது புரிய ஆரம்பித்தது. அவ்வளவு பேருக்கு முன்னால் "தெரியாது" என்று சொல்ல உனக்குப் பயமாக இல்லையே, அது எனக்கு ஒரு நாளும் முடிந்ததில்லையே என்ற பொறாமைதான். அப்பன் மகள்மேல் பொறாமைப்படுவது அசிங்கம்தான். என்ன செய்ய, பட்டேன்.

ஊசி போடுகிற நாளுக்கு முந்தைய சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். எங்கெல்லாம் "கொறையாது" என்று சொன்னேனோ அங்கெல்லாம் போய், "நான் சொன்னது தெரிஞ்சி சொன்னது இல்லப்பா. எம் பொண்ணு சொன்னதுதான் நெசம். தெரியாது. நான் என் மாட்ட ஊசிக்குக் கட்டப் போறேன், உங்க இஷ்டம்" என்றேன். சிரித்தவர்கள் உண்டு. ஒரு அம்மாள், "இன்னா கண்டக்டரே, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் பேபியைக் குளிப்பாட்டி முதல் ஆளாக சொசைட்டி வாசலில் கட்டினேன். ஊசி போடுகிற அன்றைக்கு நீ வரக்கூடாது என்பது விதி, செய்தவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாதாம். அதனால் உன் இடத்தில் நான் நின்றேன். ஏரிக்குள் மாடுகள் நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் நின்றன. ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கன்னியப்பன் கடைசியாக வந்தான், இரண்டு மாட்டில் ஒன்றை மட்டும் ஓட்டிக்கொண்டு.

"இன்னொண்ணு எங்கடா?"

"ஏரியில கீது. உனுக்கும் தெரியாது, உம் பொண்ணுக்கும் தெரியாது. அப்ப நான் மட்டும் எதுக்கு ரெண்டுத்தையும் கட்டணும்?" என்றான். நியாயமாகத்தான் பட்டது.

பேபியின் கழுத்தில் ஊசி இறங்கியபோது என் கழுத்து விறைத்துக்கொண்டது. அன்று முழுக்க ஒன்றுமில்லை. மறுநாள் காது சுட்டது. வைக்கோலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. காலையில் கறந்தபோது, வழக்கமாக நுரை தொடுகிற இடத்துக்கு நாலு விரல் கீழேயே நின்றுவிட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கன்னியப்பன் கொட்டகைக்கு ஓடினேன். அவன் மாட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தின்கிறது, கறக்கிறது, வாலை வீசுகிறது. "உம் பொண்ணு ஊசி எம் மாட்டுக்குத்தான் போட்டுக்கீறாங்க. உனுக்குப் பழசுதான்" என்று அவன் சிரித்தான். நான் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை. பால் குறைந்ததற்காகச் சந்தோஷப்பட்ட மாட்டுக்காரன் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான். ஆம், என் மாட்டுக்குப் போட்டது பழைய ஊசி. எண்ணெய் ஊசி. அதனால்தான் ஜுரம். அப்படித்தான் இருக்கவேண்டும்.

வீட்டு வாசல் வருவதற்குள் அந்தச் சந்தோஷம் கரைந்துவிட்டது. ஒருவேளை பேபிக்குப் போட்டதுதான் உன்னுடையது என்றால்? நீ ஒரு வருஷம் இடைவெளி பார்த்த அந்த உருண்டைதான் இந்தக் காதைச் சுட வைக்கிறது என்றால்? கன்னியப்பன் மாட்டுக்குப் போட்டது பழைய ஊசியாக இருந்து, அதன் உடம்பு வாட்டசாட்டமாக இருப்பதால் தாங்கிக்கொண்டது என்றால்? அன்றிலிருந்து தினமும் காலையில் ஊசி போட்ட வீடுகளுக்கெல்லாம் போய்ப் பால் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டில் குறைந்திருக்கிறது, அடுத்த வீட்டில் குறையவில்லை, மூன்றாவது வீட்டில் குறைந்தது ஊசியாலா பிண்ணாக்கு மாற்றியதாலா என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிறார்கள். டாக்டருக்குப் போன் செய்து நைசாகக் கேட்டேன். "எனக்கே தெரியாது சார்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். பேபியின் தோளுக்கு முன்னால் அழுத்தினால் நெறி முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. அது நல்லதா கெட்டதா? உள்ளே செல்கள் விழித்து வேலை பார்க்கின்றன என்று அர்த்தமா? இரண்டு ஊசியிலும் அப்படித்தான் ஆகுமா? பால் திரும்பிவிட்டாலும் முடியவில்லையாம். பிறகு வந்து ரத்தம் எடுப்பார்களாம், உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறதா என்று அதில்தான் தெரியுமாம். அதுவரைக்கும் நான் எப்படி இருப்பேன் என்று எனக்குப் புரியவில்லை கண்ணு. எனக்குப் பயமாக இருக்கிறது. மாட்டுக்காக இல்லை. உன் இத்தனை வருஷ உழைப்பு என் கொட்டகையில் தோற்றுப்போய் நிற்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

இந்த இருப்புக் கொள்ளாமையோடுதான் நீ ஒவ்வொரு நாளும் அங்கே வேலை செய்கிறாய் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. ஒன்றைச் செய்து அனுப்பிவிட்டு, அது என்ன ஆகும் என்று தெரியாமல், தெரிந்ததாக நடிக்கவும் செய்யாமல், சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மறுநாளும் அதே வேலைக்குப் போகிறாய். என்னால் சில நாளே தாங்க முடியவில்லை. உன்னைப் பார்த்துத் "தெரியாதுன்னு சொல்றதுக்கா படிக்க வெச்சேன்" என்று கேட்டேனே, அதற்குத்தான் படிக்க வைத்திருக்கிறேன். அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்த வார்த்தைக்காக என்னை மன்னித்துவிடு.

அப்பன் என்கிற உரிமையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். யாருக்கும் என்னைப் போல வண்டி வருகிறது என்று சொல்லாதே. தெரியாததைத் தெரியாது என்றே சொல். ஆனால் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதே. வழியில் வண்டி நின்றுபோனால் ஜனங்கள் கோபப்படுவது வண்டி நின்றதற்காக அல்ல, கண்டக்டர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வதற்காகத்தான். அவர்களோடு வெயிலில் நின்றால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நீ அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு, ஒரு நாள் இருந்து, கன்னியப்பன் கொட்டகைக்குப் போய் அவன் கேட்பதற்கெல்லாம் பக்கத்தில் குந்திக்கொண்டு பதில் சொல்லியிருந்தால் அவன் இரண்டு மாட்டையும் கட்டியிருப்பானோ என்னவோ. உன்னைக் கிளம்ப வைத்தவன் நான்தான் என்பதையும் மறக்கவில்லை.

நேற்று சாயங்காலம் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வெளியே வந்தேன். கன்னியப்பன் காலிக் கேனை வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தான். "பாப்பா எப்ப வருது?" என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாள் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. "தெரியாதுப்பா" என்றேன். அவன் வண்டியைத் திருப்பி நிறுத்தி, "குந்து. ஸ்டாப்பாண்ட வுடறேன்" என்றான். நான் எங்கே போகிறேன் என்று அவனிடம் சொல்லவேயில்லை. உன்னைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டவனாயிற்றே.

நிறுத்தத்தில் நின்றேன். வண்டி வந்தது, படியெல்லாம் ஜனம். இறங்கியவர்களில் நீ இல்லை. கண்டக்டர் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நான் ஏறத்தான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "பெர்சு, எடமில்ல. பின்னாடி வண்டி காலியா வருது, அதுல வா" என்று சொல்லி விசில் ஊதினான். வண்டி போய்விட்டது. அவன் சொன்னதற்கு எவ்வளவு மதிப்பு என்று அந்த நிறுத்தத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இருந்தும் அங்கேயே நின்றேன் கண்ணு. இன்றைக்கும் பால் ஊற்றிவிட்டுப் போய் நிற்பேன்.

உன்
நைனா